அறுபது பிடரிகள்

நாவலவிடுதிக்காரர்களைக் கறையான்கள் எண்ணத் தொடங்கியது ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அன்று காலை எழுந்து பார்த்தபோது ஊரில் அறுபது பேருடைய பிடரியில், முடி முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில், மிளகளவு செம்மண் பொட்டு ஒன்று இருந்தது. அது சீயக்காய்க்கும் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை, பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிற ஒருவர் துணியை நனைத்துத் தேய்த்தபோது தோல்தான் வழண்டதே தவிர பொட்டு அப்படியே இருந்தது. ஊரில் யாரும் அலறவில்லை. மூன்று வருடமாக நாம் அவற்றுக்குச் செய்ததை அவை நமக்குத் திருப்பிச் செய்கின்றன, இதில் அலற என்ன இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், பேசியதில் நியாயமும் இருந்தது.

மூன்று வருடமாகச் செய்தது இதுதான். ஊருக்கு மேற்கே கரம்பு கிடக்கிறது, நூற்றுப் பத்து ஏக்கர், யாருக்கும் பட்டா இல்லாத மேய்ச்சல் நிலம். அதன் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு புற்று, அதைச் சுற்றி வர இருபத்தேழு எட்டு வைக்க வேண்டும். கரம்பின் அடியில் நல்ல கருங்கல் இருக்கிறதென்று ஒரு கம்பெனி கண்டுபிடித்து, கல்குவாரிக்குக் கேட்டது. ஊர் எதிர்த்து மனுப்போட்டது. மனுவை வாங்கிய அலுவலகம், அது எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடலாம், அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் மனிதர்கள்தான், ஒரே ஒரு கேள்வி கேட்டது: அந்தப் புற்றில் எத்தனை உயிர் இருக்கிறது? பத்து லட்சத்துக்கு மேல் என்று காட்டினால் கரம்பைத் தொடமாட்டோம். கேள்வி கேட்டவருக்குக் கறையானைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வெளிப்படை. தெரிந்தவர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

அதற்காகத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் திரிபுரசுந்தரி வந்தார். அவருக்குக் கூடமாட வேலை செய்ய ஆவுடையப்பன் போனார். ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொரு வயது, இருபத்திரண்டு ஆடு, செங்கமலம் என்று ஒரு மகள், சொந்த நிலம் என்று ஒரு குழிகூடக் கிடையாது. கரம்பு போனால் ஆடுகள் நிற்க இடமில்லை, ஆடுகள் போனால் அவருக்கு நிற்க இடமில்லை. எனவே அந்த எண்ணின் மேல் ஊரில் எவருக்கும் இல்லாத அக்கறை அவருக்கு இருந்தது.

"புற்றை உடைச்சு எண்ணினா புற்று செத்துடும், அண்ணே. எண்ணி என்ன பிரயோஜனம்?" என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். நீலச் சாயம் ஊறிய காகிதத்தைத் தின்னக் கொடுத்தால் கறையானின் வயிறு நீலமாகிவிடும். அப்படி ஆக்கியவற்றைப் புற்றுக்குள் விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி ஒரு கூட்டத்தைப் பிடித்து, அதில் எத்தனை நீலம் என்று பார்க்க வேண்டும். ஆவுடையப்பனுக்குப் புரியவேண்டுமென்று புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு விளக்கினார். "அறுபது கொட்டையில சுண்ணாம்பு தடவிக் குவியல்ல கலந்துட்டோம். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு நாற்பதை அள்ளினோம். அதுல பன்னிரண்டுல சுண்ணாம்பு. அறுபதை நாற்பதால பெருக்கிப் பன்னிரண்டால வகுங்க."

"எரநூறு."

"குவியல்ல எரநூறு இருக்கு. எண்ணிப் பாருங்க." எண்ணினார், இருநூற்றுமூன்று இருந்தது. அந்த மூன்றுக்கு டாக்டரம்மா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "ஆனா ஒரு நிபந்தனை. போட்ட குறி உதிரக் கூடாது. உதிர்ந்துட்டா, அள்ளுறதுல குறி குறையும், கூட்டம் பெருத்த மாதிரி கணக்குக் காட்டும். இருக்கிறது என்னவோ அதேதான்."

"ஒண்ணுலயுமே குறி இல்லாம வந்தா?"

"சைபரால வகுக்க முடியாதுண்ணே. அப்ப அந்த எண்ணுக்கு முடிவே கிடையாது. அந்த ஆய்வைத் தூக்கிப் போட்டுட்டு ஊருக்குப் போகணும்."

ஆவுடையப்பன் அன்று சிரித்தார். மூன்று வருடம் அவர் நீல வயிறுகளை எண்ணினார், கண்ணுக்கு அருகே கண்ணாடிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு, தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. பிடித்தவற்றைத் திரும்பப் புற்றில் விடும்போது, அவை நுழைகிற துளையை விரலால் கொஞ்சம் அகலப்படுத்தி விடுவார். அது ஆய்வு முறைகளில் இல்லாத ஒரு மரியாதை.

இதற்கிடையில் ஊர் சத்தியம் செய்தது. நாவலவிடுதியில் சத்தியம் என்றால் புற்றுமண்தான். ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்து, கரையும் வரை வாயைத் திறக்காமல் நின்று, பிறகு சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடத்தக்க வயதுடைய இருநூற்றுமூன்று பேரும் (புளியங்கொட்டைகளின் எண்ணிக்கையும் அதுவாக இருந்ததற்கு யாரும் காரணம் தேடவில்லை) வரிசையில் வந்து, கரம்பைக் குவாரிக்கு விடச் சம்மதம் என்று கம்பெனி நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று சொன்னார்கள். முதலில் வந்து சொன்னவன் அடைக்கலம். ஆவுடையப்பனுடைய மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி, பஞ்சாயத்தில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தவன், நல்ல குரல். ஒரு தடவை வைத்தது போதாதென்று இரண்டாவது தடவையும் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தான். பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது.

சத்தியம் முடிந்த மறு வெள்ளியன்றுதான் அறுபது பிடரிகளில் பொட்டு வந்தது. ஆவுடையப்பனுக்கு வந்தது, பஞ்சவர்ணத்துக்கு வந்தது, அடைக்கலத்துக்கு வந்தது. குழந்தைகள் யாருக்கும் வரவில்லை. டாக்டரம்மாவும் கறையான் குஞ்சுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதற்கடுத்த வெள்ளி விடியலில் நாற்பது பேருடைய கட்டில் காலிலோ பாய் ஓரத்திலோ ஈர மண்ணால் ஒரு குழாய் ஏறி வந்து, உறங்கியவருடைய பாதத்தைத் தொட்டுவிட்டு நின்றிருந்தது. கடிக்கவில்லை, எதையும் தின்னவுமில்லை; ஒரு வீட்டில் மட்டும் மருமகனுடைய பட்டச் சான்றிதழைக் கொஞ்சம் தின்றிருந்தன, ஆனால் அந்தச் சான்றிதழைப் பற்றி ஊரில் முன்பே பேச்சு இருந்தது. மதியத்துக்குள் பெரிய புற்றின் கிழக்குச் சரிவில் விரல் உயரத்துக்கு மண்கூம்புகள் வரிசை வரிசையாக எழும்பின. ஆவுடையப்பன் எண்ணினார். இருநூறு.

ஊர் கொஞ்ச நாள் அதைப் பற்றியே பேசியது. அந்தக் கணக்கில் விட்டுப்போன மூன்று பேர் யார் என்று பெரிய சண்டை வந்து, கடைசியில் சென்னையிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வருகிற மூன்று பேர்தான் என்று தீர்த்துக்கொண்டார்கள். பொட்டு உள்ளவர்கள் சட்டைக் காலரை மடக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பெண்ணின் பிடரியைக் காட்டச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பாதத்தில் மண் இருந்தால் அன்று வேலைக்குப் போகாமல் இருப்பது வழக்கமாயிற்று. கறையான் பிடித்த நாள் என்று காரணம் சொன்னால் மேஸ்திரியும் ஒப்புக்கொண்டார். கூம்புகள் ஒரு வாரம் நூற்றெண்பத்தைந்து, ஒரு வாரம் இருநூற்றுப் பதினெட்டு என்று முன்னே பின்னே நின்றன. டாக்டரம்மா அவற்றைப் பார்த்து, "என்னைவிட நல்லாவே செய்யுதுங்க" என்றார், லேசான பொறாமையோடு.

ஆவணியில் டாக்டரம்மா அறிக்கை கொடுத்தார். ஆவுடையப்பனைக் கரம்புக்குக் கூட்டிப்போய் நின்றுகொண்டே சொன்னார்.

"நம்பர் போடலை, அண்ணே."

"ஏம்மா?"

"நீலம் போட்டதெல்லாம் ஒரே மூலையில கிடக்குது. மத்ததோட கலக்கவே இல்லை. ஒரு தடவை நாலு லட்சம் வருது, ஒரு தடவை முப்பது லட்சம் வருது. நம்பத்தக்க எண் இல்லைன்னுதான் எழுத முடிஞ்சுது."

"முப்பதுன்னு எழுதியிருக்கலாமே. நாலையும் முப்பதையும் கூட்டிப் பாதி போட்டாக்கூடப் பதினேழு வருதே."

"அது பொய்யாகிடும்."

டாக்டரம்மா பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருக்கலாம், உண்மையைச் சொன்னவரை எப்படி மன்னிப்பது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா குடுவைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊருக்குப் போனார். ஒரு குடுவையை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனார். அதில் பஞ்சவர்ணம் கடுகு போட்டு வைத்தாள்.

அறிக்கை வந்து இரண்டாவது வெள்ளியில் முந்நூறு கூம்புகள் நின்றன.

ஊர் கொண்டாடியது. நாவலவிடுதி பெருகுகிறது என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டார்கள், வெளியூர் போனவர்களெல்லாம் திரும்பப்போகிறார்கள் என்றார்கள், இரட்டைக் குழந்தைகள் பிறக்கும் என்று ஒருவர் சொல்ல, அந்த வாரமே ஒரு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. ஆவுடையப்பன் மட்டும் கூம்புகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுபதை நாற்பதால் பெருக்கி முந்நூறால் வகுத்தார். எட்டு. பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் எட்டு. நிமிர்ந்து பார்த்தபோது, கொண்டாடிக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த வெயிலிலும் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

நேரே அடைக்கலத்திடம் போனார்.

"மாப்ளே, எவனோ கையெழுத்துப் போடுறான். போட்டவன் பொட்டு உதுந்துருது. அதான் கூம்பு ஏறுது."

"அட போங்க மச்சான். ஊரு பெருக்குதுன்னு எல்லாரும் சந்தோசமா இருக்காக. நீங்க டாக்டரம்மாகிட்ட மூணு வருசம் படிச்சுட்டு வந்து பயமுறுத்துறீக."

"குறி உதுந்தா கூட்டம் பெருத்த மாதிரி காட்டும்னு அந்தம்மா புளியங்கொட்டைய வச்சுக் காட்டுச்சு."

"புளியங்கொட்டை கையெழுத்துப் போடுமா மச்சான்? இங்க பாருங்க." அடைக்கலம் திரும்பி நின்று காலரை இறக்கிக் காட்டினான். பொட்டு இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, நல்ல சிவப்பாக. "எனக்கு இருக்குல்ல? அப்புறம் என்ன?"

ஆவுடையப்பன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். போகிற வழியில் நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஆனாலும் வீடு வரை மிச்சம் இருந்தது.

நானூறு வந்தது. ஊர் இரண்டாவது பேருந்து கேட்டு மனுப்போட்டது. அறுநூறு வந்தது, நகராட்சியானால் வரி கூடுமா என்று டீக்கடையில் விவாதம் நடந்தது. எண்ணூறு வந்தது. எண் ஏற ஏற வீட்டுக்கு வீடு துண்டுகள் அதிகமாயின, பெண்கள் கொண்டையை இறக்கிப் போட்டார்கள், முடிவெட்டுகிற கடையில் பின்னால் கத்தரி வைக்கக் கூடாது என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டுமே போட்டிருப்பதாகவும், மற்ற எல்லாரும் சத்தியத்தில் நிற்பதாகவும், அதனால் தன் ஒரு கையெழுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்றும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையோடு நடத்தினார்கள். அந்த இரண்டு மாதம் நாவலவிடுதியில் இருந்த ஒற்றுமை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

ஐப்பசி முதல் வெள்ளி ஆயிரத்து இருநூறு. எண்ணி முடிக்கச் சாயங்காலமாயிற்று. வகுத்தால் இரண்டு. அன்று காலை மண்குழாய் ஏறிய நாற்பது பேரில் ஆவுடையப்பனும் இருந்தார், பஞ்சவர்ணமும் இருந்தாள். அவருக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. ஊரே போனாலும் நாங்கள் இரண்டு பேர். வீட்டுக்கு வந்து, காரணம் சொல்லாமல், பஞ்சவர்ணத்துக்கு ஆசையாகத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். "என்ன, உடம்புக்கு ஆகலையா?" என்றாள் அவள்.

அடுத்த வெள்ளியும் இருவர் பாதத்திலும் மண் இருந்தது. ஆனால் கூம்புகள் புற்றைத் தாண்டித் தரையில் இறங்கியிருந்தன. இரண்டாயிரத்து நானூறு. எண்ணும்போதே, வகுப்பதற்கு முன்பே, கை பிடரிக்குப் போனது. சொரசொரவென்று தட்டுப்பட்டது; இருக்கிறது.

அது தீபாவளிக்கு முந்தின வாரம். பஞ்சவர்ணம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். முடியை முன்னால் அள்ளிப் போட்டிருந்தாள். பிடரி வெள்ளையாக, சுத்தமாக, கல்யாணத்தன்று இருந்தது போல இருந்தது.

"எப்பப் போட்டே?"

அவள் திரும்பவில்லை. சீயக்காயைக் குழைத்தபடி சொன்னாள். "செவ்வாக்கெழமை."

"சத்தியம் பண்ணுனியே."

"நம்ம செங்கமலத்துக்குக் கம்பெனி ஆபீசுல வேலைன்னு தம்பி சொன்னான். டிப்ளமா படிச்ச புள்ள. அதுவும் ஆட்டுக்குப் பின்னாடிதான் அலையணுமா? டாக்டரம்மாவே கைவிட்டுருச்சு. நம்ம ஒரு வீடு மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னு என்ன ஆகப்போவுது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீகளாக்கும்?"

விட்டிருக்க மாட்டார். ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு கரம்புக்குப் போனார். அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் அவருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது: தம்பி சொன்னான்.

அதன் பிறகு ஐந்து வெள்ளி அதே இரண்டாயிரத்து நானூறு. இந்த இடத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருநூற்றுச் சொச்சம் பேரில் வாரம் நாற்பது பேரைப் பிடித்தால், ஒருவருடைய முறை ஐந்து வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். மற்ற முப்பத்தொன்பது பேரும் அப்படித்தான் முறை மாறி மாறி வந்தார்கள். ஐந்து வாரத்தில் மண்குழாய் ஏறாத கட்டில் ஊரில் இல்லை, பொட்டுள்ள இன்னொரு பிடரியும் இல்லை. ஆனால் ஆவுடையப்பனுடைய பாதத்தை மட்டும் கறையான்கள் வாரம் தவறாமல் வந்து தொட்டன. கண்ணை மூடிக்கொண்டு அள்ள வேண்டும் என்ற விதியை அவை மீறியது இந்த ஒரு விஷயத்தில்தான். அவர் ஒருவர் வந்தால்தான் எண் ஓர் எண்ணாக நிற்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும் என்பது அவற்றுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒரு நாள் மதியம், புற்றின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தபோது, அடைக்கலம் ஒரு நெகிழிக் கோப்போடு வந்தான். வெயில் ஏறியிருந்தது. வேர்வை அவன் கழுத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது; வெள்ளைச் சட்டையின் காலரில் சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது.

"மாப்ளே, காவிக்கல்லைப் பாலுல இழைச்சுப் பூசணும். தண்ணியில இழைச்சா இப்படித்தான் ஒழுகும்."

அடைக்கலம் காலரைத் தொட்டு, விரலைப் பார்த்து, துடைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் மறுக்கவில்லை. அந்த மட்டுக்கு நல்லவன். உட்கார்ந்து கோப்பைத் திறந்தான். "இருநூத்தி ரெண்டு ஆயிருச்சு மச்சான். உங்க ஒருத்தருதுதான் பாக்கி. எல்லாரும் போட்டாத்தான் கம்பெனி சொன்னதச் செய்யும். உங்களால ஊரே நிக்குது."

"நீ எத்தனையாவதாப் போட்ட?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லு."

"மொதல்ல." ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தம்மா அறிக்கை குடுத்த அன்னைக்கு."

"ரெண்டு தடவ நாக்குல வச்சியேடா."

"மண்ணுதானே மச்சான். துப்பிட்டேன்."

ஆவுடையப்பன் புற்றைப் பார்த்தார், தரையெல்லாம் முளைத்து நிற்கிற இரண்டாயிரத்து நானூறு கூம்புகளைப் பார்த்தார், அதற்கு அப்பால் குவாரிக்காரர்கள் ஏற்கெனவே நட்டு வைத்திருந்த எல்லைக் கற்களையும் அங்கே நிற்கிற மஞ்சள் நிற மண்வெட்டும் எந்திரத்தையும் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்பு புளியங்கொட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் ஒன்றிலுமே குறி இல்லாமல் வந்தால் என்று தான் கேட்ட கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் ஞாபகத்துக்கு வந்தன. முடிவே கிடையாது.

"பேனாவக் குடு," என்றார்.

"மச்சான்?"

"குடுடா. எல்லாரும் துப்புனதுதானே."

போட்டார். ஆவுடையப்பன் என்று முழுதாக, டாக்டரம்மாவின் குறிப்பேட்டில் மூன்று வருடம் போட்ட அதே கையெழுத்து. அடைக்கலம் நம்பாமல் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் புத்தி வருது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் தலையணையில் கொஞ்சம் செம்மண் தூள் கிடந்தது. வெள்ளியன்று விடியலில் மண்குழாய் வழக்கம் போல அவர் பாதத்துக்கு வந்திருந்தது. வந்து, நிற்காமல், கணுக்காலைத் தாண்டி, முழங்கால் வழியாக, முதுகில் ஏறிப் பிடரி வரை போயிருந்தது. அங்கே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அவ்வளவு தூரம் அவை அதுவரை யாருடைய உடம்பிலும் ஏறித் தேடியதில்லை.

அன்று மதியம் கூம்புகள் எழுவது நிற்கவில்லை. புற்றைச் சுற்றி எழுந்தன, கரம்பில் எழுந்தன, சனிக்கிழமை எல்லைக் கற்களை மூடின, ஞாயிறன்று மஞ்சள் எந்திரத்தின் சக்கரத்தில் ஏறி, செவ்வாயன்று அதன் நீட்டிய கையை அப்படியே மண்ணால் போர்த்தின. தட்டிவிட்ட இடத்தில் மறுநாள் இரட்டிப்பாக நின்றன, மருந்தடித்த இடத்தில் மும்மடங்காக நின்றன. கம்பெனி மூன்று மாதம் பாதை வெட்டிப் பார்த்தது, வெட்டிய பாதை அவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் காணாமல் போனது; பிறகு வேறு மாவட்டத்தில் வேறு கல்லைத் தேடிப் போனது, ஆபீஸ் வேலையையும் கூடவே கொண்டுபோனது. டாக்டரம்மா ஒரு தடவை வந்து கூம்புகளை எண்ணத் தொடங்கி, ஏழாயிரத்தில் குறிப்பேட்டை மூடி, ஆவுடையப்பனைப் பார்த்தார். அவருக்குக் கேட்காமலே விளங்கியிருக்கும், வகுத்தல் தெரிந்தவர்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. கூம்புகளுக்கிடையே நடக்க ஒற்றையடிப் பாதை போட்டார்கள், துண்டுகளைக் கழற்றினார்கள், முடிவெட்டுகிற கடையில் மறுபடியும் பின்னால் கத்தரி வைத்தார்கள். எல்லாருடைய பிடரியும் ஒரே மாதிரி இருந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. கரம்பு குவாரிக்குப் போகவில்லை. புல்லுக்கும் இடமில்லை, கூம்புக்கும் கூம்புக்கும் நடுவே ஆட்டின் வாய் நுழையாது. தையில் ஆவுடையப்பன் இருபத்திரண்டு ஆடுகளையும் சந்தையில் விற்றார். பஞ்சவர்ணம் அவரோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள், எண்ணெய் தேய்க்கும்போது முடியை முன்னால் போடுவதில்லை.

மற்ற யாருடைய கட்டிலுக்கும் மண்குழாய் இப்போது வருவதில்லை. ஆவுடையப்பனுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. விழித்துக்கொண்டுதான் கிடப்பார். பாதத்தில் ஈரம் தொடும், கணுக்காலில் ஏறும், முதுகில் ஏறும். அவர் வசதியாகக் குப்புறத் திரும்பிப் படுத்துக்கொடுப்பார். பிடரியில் வந்து, சிறிய, குளிர்ந்த, பல வாய்கள் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கும். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று இரண்டாவது தடவையும் பார்ப்பது போல. பிறகு இறங்கிப் போய், இன்னொரு கூம்பு கட்டும்.